கேமரா ஊர் கையில் இருக்கட்டும்

வாசகர் கேள்வி – பதில்

விளவங்கோடு வட்டத்தில் ஓர் ஊரின் மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள், தாங்களே கேமரா பிடித்துச் சீதனத்தைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்ததைச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களுக்கு, அந்தப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தவரே இங்கே பதில் சொல்கிறார். மார்த்தாண்டத்துக்காரரான இவர் நெடுங்காலம் திருமண வீடியோ எடுத்தவர்.

நம் மாவட்டத்தில் படிக்காதவர்கள் குறைவு. வரதட்சணைக்கு எதிராக மேடைப் பேச்சு, பிரசங்கம், தெருநாடகம், அரசு விளம்பரம் என எல்லாம் வந்து போய்விட்டன. எதற்கும் அசையாத ஊர், ஒரு படத்துக்கா அசைந்துவிடும்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கருங்கல்

ஐயா, உங்கள் சலிப்பு எனக்குப் புரிகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 விழுக்காடு. தமிழ்நாட்டிலேயே முதலிடம். ஆயிரம் ஆண்களுக்கு 1,019 பெண்கள். இப்படிப்பட்ட மாவட்டத்தில்தான் பெண் குழந்தை பிறந்த அன்றே தகப்பன் பவுன் கணக்குப் போடத் தொடங்குகிறான். படிப்பு வந்தால் சீதனம் போகும் என்று என் தாயார் தலைமுறை நம்பியது. மாப்பிள்ளை படிக்கப் படிக்கத் தொகைதான் ஏறியது.

திருமண வீடியோ எடுத்த நாட்களில், மாப்பிள்ளை வீட்டுப் பெரியம்மாவோ அத்தையோ ஒருவர் தவறாமல் என் பக்கத்தில் வந்து நிற்பார். "பெண்ணின் கழுத்தைக் கொஞ்சம் பக்கத்தில் போய் எடு, மக்களே" என்பார். முகத்திலிருந்து கேமராவை இறக்குவேன். நெக்லஸ், அதன் கீழே ஆரம், அதற்கும் கீழே காசுமாலை, ஒட்டியாணம், முழங்கை வரை வளையல். பெண் மூச்சு விடும்போதெல்லாம் ஆரங்கள் ஒன்றோடொன்று உரசும் சத்தம் மைக்கில் விழும். சில மாதம் கழித்து ஆல்பம் கொடுக்கப் போனால் அதே கழுத்தில் தாலிச் சங்கிலி மட்டும் இருக்கும். மற்றதெல்லாம் அடகில். மாப்பிள்ளையின் விசாவுக்காக இருக்கும், அல்லது நாத்தனாரின் கல்யாணத்துக்காக இருக்கும். அந்த நகையை வாங்குவதற்காகப் பெண்ணின் தகப்பன் ரப்பர் தோட்டத்தை ஏற்கெனவே அடகு வைத்திருப்பார். ஒரே தங்கத்துக்கு இரண்டு வீடுகள் வட்டி கட்டுகின்றன.

இது தவறு என்று தெரியாத ஒருவரை இந்த மாவட்டத்தில் நான் சந்தித்ததில்லை. ஆகவே, "வரதட்சணை தவறு" என்று மேடையில் முழங்குவதால் யாருக்கும் புதிதாக எதுவும் தெரியப்போவதில்லை. பக்கத்து வீட்டுக்காரரும் இதை மனத்துக்குள் வெறுக்கிறார் என்பதுதான் நமக்குத் தெரியாது. "நான் கேட்காமல் இருந்தால் பையனுக்கு ஏதோ குறை என்பார்கள்" என்று மாப்பிள்ளை வீட்டார் பயப்படுகிறார்கள். "நான் கொடுக்காமல் இருந்தால் என் மகளை யார் எடுப்பார்கள்" என்று பெண் வீட்டார் பயப்படுகிறார்கள். இரண்டு பயமும் ஒன்றையொன்று தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. வெளியூர்ப் பேச்சாளர் வந்து சொன்னால் இந்தப் பயம் போகாது. பக்கத்து வீட்டுக்காரர் தம் வாயால், எல்லோரும் கேட்கும்படி சொன்னால் கொஞ்சம் தளரும்.

அந்தக் குழுப் பெண்கள் ஊரில் எல்லா வீட்டிலும் கேட்பதற்கு ஒரே ஒரு கேள்வியைத் தீர்மானித்தார்கள். "மகளுக்குக் கொடுத்ததையும் மகனுக்கு வாங்கியதையும் கூட்டிக் கழித்தால் உங்கள் கையில் என்ன மிஞ்சியது?" நானாக இருந்தால் இப்படி ஒரு கேள்வி எனக்குத் தோன்றியிருக்காது. உள்ளே இருப்பவர்களுக்குத்தான் தோன்றும், கேட்கும் உரிமையும் அவர்களுக்குத்தான் உண்டு. ஒரு பெரியவர் பதிலே சொல்லவில்லை. எழுந்துபோய் பீரோவைத் திறந்து, ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்த அடகுச் சீட்டுகளைக் கொண்டுவந்து கட்டிலில் ஒவ்வொன்றாகப் பரப்பினார். பழைய சீட்டுகள் மஞ்சளாகி மடிப்பில் கிழிந்திருந்தன. கேமராவைப் பிடித்திருந்தவள் அவருடைய தம்பி மகள். அதனால்தான் அவர் பீரோவைத் திறந்தார். எனக்காகத் திறந்திருக்க மாட்டார்.

ஊர் நூலகத்தின் முன்னால் வெள்ளை வேட்டியைக் கட்டிப் படத்தைப் போட்டார்கள். முடிந்ததும் மூன்று மகன்களையும் ஒரு மகளையும் பெற்ற ஓர் அம்மா எழுந்தார். "மூத்தவனுக்கு வாங்கியதைத்தான் இளையவளுக்குக் கொடுத்தேன். இன்றைக்கு இரண்டு சம்பந்தி வீட்டோடும் பேச்சுவார்த்தை இல்லை" என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொருவராகப் பேசத் தொடங்கி, நூலகர் விளக்கை அணைக்க முடியாமல் காத்திருந்தார். ஐயா, நீங்கள் சொன்ன மேடைப் பேச்சு எதற்குப் பிறகும் இப்படி ஒரு பேச்சு நடந்து நான் பார்த்ததில்லை.

பெண்கள் எடுத்தார்கள் என்பதெல்லாம் பெயருக்குத்தானே? உண்மையில் இயக்கியது நீங்கள்தானே?
– வாசகி, தக்கலை

சந்தேகம் நியாயமானதுதான். ஊர்க்காரர்களைப் பெயருக்குச் சேர்த்துக்கொண்டு எடுக்கப்படும் படங்கள் நிறைய உண்டு. நான் கற்றுக்கொடுப்பது பொத்தான்களை. யாரிடம் கேட்பது, எதை வைப்பது, எதை வெட்டுவது என்பதெல்லாம் அவர்கள் முடிவு.

முதல் நாள் பயிற்சியில் வட்டமாக உட்கார்ந்து கேமராவைக் கைமாற்றுவோம். ஒருவர் பிடிக்க, பக்கத்தில் இருப்பவர் பெயரைச் சொல்லி ஏதாவது ஒரு கேள்விக்குப் பதில் சொல்வார். பிறகு அவர் கேமராவை வாங்கி அடுத்தவரை எடுப்பார். சுற்று முடிந்ததும் உடனே டி.வி.யில் போட்டுப் பார்ப்போம். தன் குரலைத் தானே கேட்கும்போது முதலில் எல்லோரும் முகத்தை மூடிக்கொள்வார்கள். இரண்டாவது முறை கூர்ந்து பார்ப்பார்கள். மூன்றாவது முறை, "என்னை ஏன் தலை வெட்டுப்படும்படி எடுத்தாய்?" என்று சண்டை வரும். சண்டை வந்துவிட்டால் பயிற்சி பாதி முடிந்த மாதிரி. படத்தொகுப்புக்கு ஒவ்வொரு காட்சியையும் ஒரு தாளில் வரைந்து தரையில் பரப்பி, முன்னும் பின்னும் மாற்றி வைத்துப் பேசுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் தாளை நகர்த்தலாம். கணினியில் மௌஸைப் பிடிப்பது மட்டும் என் வேலை.

இந்த முறை புதிதும் அல்ல, என் கண்டுபிடிப்பும் அல்ல. பிரெஞ்சுக்காரரான ழான் ரூஷ், நைஜர் ஆற்றில் நீர்யானை வேட்டையாடுபவர்களைப் படம் எடுத்தார். 1950-களில் அதை அவர்களிடமே கொண்டுபோய்க் காட்டினார். வேட்டைக் காட்சிக்கு அவர் இசை சேர்த்திருந்தார். வேட்டைக்காரர்கள், "வேட்டையின்போது ஒரு சத்தமும் கூடாதே, இந்த இசையைக் கேட்டால் நீர்யானை ஓடிவிடாதா?" என்றார்கள். ரூஷ் இசையை நீக்கிவிட்டார். எடுக்கப்பட்டவரே திருத்துநர் ஆகலாம் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. நம் நாட்டில் 1984-இல் அகமதாபாத்தில் சேவா என்ற சுயதொழில் பெண்கள் சங்கத்தில் காய்கறி விற்கும் பெண்களும் கூலிப் பெண்களும் வீடியோ கற்றுக்கொண்டார்கள். அவர்களில் பலருக்கு எழுத்தே தெரியாது. தெலங்கானாவில் ஜஹீராபாத் பக்கம் பஸ்தாபூரில் தக்காண வளர்ச்சிச் சங்கத்தைச் சேர்ந்த தலித் விவசாயப் பெண்கள், தங்கள் விதையையும் நிலத்தையும் பற்றித் தாங்களே படம் எடுக்கிறார்கள். எதிரில் இருப்பவரின் கண்ணுக்கு நேராகக் கேமராவை வைத்து எடுப்பதை அவர்கள் 'சங்கம் ஷாட்' என்பார்கள். சங்கத்தில் எல்லோரும் சமமாக உட்காருவதால். எங்கள் பெண்களுக்கும் நான் முதலில் சொல்லித் தருவது அதுதான். உட்கார்ந்திருப்பவரை நின்றுகொண்டு எடுக்கக் கூடாது.

ஒன்றை மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. கேமரா குழுத் தலைவியின் கையிலேயே தங்கிவிடக் கூடாது. ஊருக்குள்ளும் மேல் கீழ் உண்டு, வசதியான வீடு உண்டு, வாய் பேசுகிற வீடு உண்டு. சீட்டுக் குலுக்கித்தான் அன்றைய கேமராக்காரரைத் தீர்மானிக்கிறோம்.

என்ன போன் வாங்கலாம்?
– வாசகர், முட்டம்

இருக்கிற போனே போதும். அந்தப் பணத்தில் சட்டையில் மாட்டும் ஒரு சிறிய மைக் வாங்குங்கள். மங்கலான காட்சியைப் பார்வையாளர்கள் பொறுத்துக்கொள்வார்கள், கேட்காத பேச்சைப் பொறுக்க மாட்டார்கள். முட்டத்துக் காற்றில் மைக்குக்குப் பஞ்சு உறை இல்லாமல் ஒன்றும் பதிவாகாது. படகின் மறைவிலோ வீட்டுக்குள்ளோ எடுங்கள். வீட்டுக்குள் என்றால் மின்விசிறியையும் பிரிட்ஜையும் நிறுத்துங்கள். மீண்டும் போட மறக்காதீர்கள், மீன் கெட்டுவிடும். போனைப் படுக்கைவாட்டில் பிடியுங்கள். விமானப் பயன்முறையில் வையுங்கள். ஒரு நிமிடக் காட்சி ஏறத்தாழ 100 எம்.பி. இடம் பிடிக்கும் என்பதால், அன்றன்றைக்குக் கணினியில் ஏற்றிவிட்டு அடுத்த நாள் போங்கள்.

என் சித்தி இளம் வயதில் கணவனை இழந்தவர். எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் அவர் மணமேடைப் பக்கமே வருவதில்லை. பாட்டி வர விடுவதும் இல்லை. அவரைப் பற்றி ஒரு படம் எடுக்க ஆசை. எப்படித் தொடங்குவது?
– கல்லூரி மாணவி, நாகர்கோவில்

மக்களே, முதலில் போனை வீட்டில் வைத்துவிட்டுச் சித்தியின் பக்கத்தில் போய் உட்கார். படம் எடுக்கும் ஆசை உன்னுடையது, வாழ்க்கை அவருடையது. தன் கதையைச் சொல்ல அவருக்கு விருப்பம் இருக்கிறதா, யாரிடம் சொல்ல விருப்பம் என்று கேள். 'ஊரெல்லாம் பார்க்கட்டும்' என்பவர்களும் உண்டு. 'என் அக்கா மட்டும் பார்த்தால் போதும்' என்பவர்களும் உண்டு. இரண்டாவது வகைப் படமும் முழுமையான படம்தான்.

சம்மதத்தை ஒரே தடவை வாங்கிவிட்டு முடித்துக்கொள்ளாதே. எடுப்பதற்கு முன் கேள். எடுத்ததை அவருக்குத் தனியாகப் போட்டுக் காட்டிவிட்டு மறுபடியும் கேள். தொகுத்து முடித்தபின் கேள். வேறு ஆட்களுக்குக் காட்டும் ஒவ்வொரு முறையும் கேள். எந்தக் கட்டத்திலும் 'வேண்டாம்' என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு என்பதை முதல் நாளே சொல்லிவிடு. அப்படி அவர் சொன்னால் காரணம் கேட்காமல் அழித்துவிடு. இணையத்தில் ஏற்றினால் எதையும் முழுதாகத் திரும்ப எடுக்க முடியாது. ஆகவே அதைப் பற்றி இப்போது யோசிக்கவே வேண்டாம்.

அடுத்து, கேமராவைச் சித்தியிடமே கொடு. 2017 நவம்பர் இறுதியில் அடித்த ஒக்கிப் புயலில் நம் கடற்கரை ஊர்களில் எத்தனையோ பெண்கள் சிறு வயதிலேயே கணவனை இழந்தார்கள். அவர்களில் ஒருவர் எங்கள் பயிற்சிக்கு வந்தார். உறவினர் கல்யாணம் ஒன்றில், தான் வழக்கமாக நிற்கும் இடத்தில் நின்றபடியே படம் எடுத்துக்கொண்டு வரச் சொன்னேன். மண்டபத்தின் சமையற்கட்டு வாசலில் நின்று எடுத்திருந்தார். படத்தின் இடது ஓரம் முழுவதும் கதவு நிலை மறைத்திருந்தது. மீதி இடத்தில் எல்லாம் மனிதர்களின் முதுகு. பேண்டு வாத்தியம் கேட்கிறது, சிரிப்புக் கேட்கிறது, மணமக்களை ஒரு நொடிகூடப் பார்க்க முடியவில்லை. நடுவில் ஒரு குழந்தை மட்டும் திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டுகிறது. அதைப் பார்த்த அவருடைய மூத்த நாத்தனார், "இங்கேயா நின்றாய்? நீ முன்னால்தான் எங்கேயோ இருக்கிறாய் என்று நினைத்தேன்" என்றார். பல வருடங்களாக ஒரே வீட்டில் இருப்பவர் அவர். நாத்தனாரை யாரும் குறை சொல்லவில்லை, கேள்வியும் கேட்கவில்லை. அவர் தாமாகவே பார்த்தார்.

பாட்டியை வில்லியாக்கிவிடாதே. அவரும் யாரோ சொல்லிக் கேட்டு வளர்ந்தவர். மணப்பெண்ணுக்கு ஏதும் ஆகிவிடக் கூடாது என்ற பயம் அவருக்கு உண்மையாகவே இருக்கிறது. அவரிடம் அவருடைய கல்யாணத்தைப் பற்றிக் கேள். அந்த நாளில் யார் யார் மேடைக்கு வந்தார்கள், யார் வரவில்லை, வராத அவர் எங்கே இருந்தார் என்று கேள். பெயர் சொல்லத் தொடங்கும்போது ஒவ்வொரு பாட்டியின் பேச்சும் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். முடிந்தால் பாட்டி கேள்வி கேட்க, சித்தி பதில் சொல்லட்டும்; நீ கேமராவைப் பிடித்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிரு.

தொகுக்கும்போது சித்தி அழும் இடத்தை மட்டும் எடுத்து முன்னால் வைக்காதே. சோக இசையும் வேண்டாம். பார்ப்பவர்கள் 'ஐயோ பாவம்' என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார்கள். அவர் கணக்குப் பார்ப்பது, பேரம் பேசுவது, சிரிப்பது எல்லாம் இருக்கட்டும்.

பாரம்பரியம் என்றாலே குற்றம் என்று பேசுவது இன்று வழக்கமாகிவிட்டது. ஊர்க் குறையைப் படமாக்கி ஊரின் மானத்தை வாங்க வேண்டுமா?
– வாசகர், ஆரல்வாய்மொழி

பாரம்பரியம் எல்லாம் குற்றம் என்று நான் எங்கும் சொன்னதில்லை. கல்யாண வீட்டுக்கு முதல் நாளே வந்து தேங்காய் துருவும் அக்கம்பக்கம் பாரம்பரியம்தான். அதுவும் அந்தப் படத்தில் இருக்கிறது, நீண்ட நேரம் இருக்கிறது. ஒரு வழக்கத்தால் ஒருவருடைய உடம்போ, உழைப்போ, மரியாதையோ பறிபோகிறதா என்று மட்டும்தான் பார்க்கிறோம்.

நம் மண்ணில் வழக்கத்தைக் கேள்வி கேட்டவர்கள் வெளியூரிலிருந்து வந்து இறங்கியவர்கள் மட்டும் அல்ல. நாடார் பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது என்பதும் ஒரு காலத்தில் திருவிதாங்கூரின் 'வழக்கம்'தான். கல்குளத்திலும் இரணியலிலும் சந்தையிலும் தெருவிலும் சேலை கிழிக்கப்பட்ட பெண்கள் பல பத்தாண்டுகள் போராடி, 1859 ஜூலை 26-ஆம் தேதி மன்னரின் பிரகடனம் வந்தது. அதிலும்கூட, மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்று ஒரு கட்டுப்பாடு வைத்தார்கள். தலையில் துண்டு கட்டக் கூடாது என்று சொல்லப்பட்ட மக்களைத் தலைப்பாகையோடு வழிபட வைத்தார் சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர். இவர்களால் குமரியின் மானம் போனதாக இன்று யாராவது சொல்வார்களா?

உங்கள் கவலையின் மற்றொரு பாதியை நான் முழு மனத்தோடு ஏற்கிறேன். ஊரைப் பற்றிய படத்தை ஊர்தான் முதலில் பார்க்க வேண்டும். கனடாவில் நியூபவுண்ட்லாந்தை அடுத்த போகோ தீவில் 1967-இல் கனடா தேசியத் திரைப்பட வாரியத்தின் காலின் லோ படம் எடுத்தார். மீன்பிடித் தொழில் நொடித்து, அரசு தீவையே காலி செய்ய நினைத்திருந்த நேரம். தனித்தனிக் குடியிருப்புகளாக, ஒன்றோடொன்று ஒட்டாமல் வாழ்ந்த மீனவர்கள் அவர்கள். எடுத்த படங்களை முதலில் அவர்களுக்கே போட்டுக் காட்டினார்கள். அவர்கள் சம்மதித்த பிறகுதான் வெளியே கொண்டுபோனார்கள். ஒரு குடியிருப்பின் கஷ்டமும் அடுத்த குடியிருப்பின் கஷ்டமும் ஒன்றுதான் என்று திரையில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். அமைச்சரின் பதிலையும் படமாக எடுத்துத் தீவுக்குக் கொண்டுவந்தார்கள். தீவைக் காலி செய்ய வேண்டியிருக்கவில்லை. கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள், மீன்பிடித் தொழிலைத் தாங்களே நடத்தினார்கள். குடியிருப்புக்குக் குடியிருப்பு, கோயிலுக்குக் கோயில் பிரிந்து கிடக்கும் நம் கடற்கரையை நினைத்துக்கொண்டுதான் நான் இதைப் படித்தேன்.

எங்கள் படமும் யூடியூபில் இல்லை. அந்த ஊர்க்காரர்கள் சம்மதித்த இடங்களில் மட்டும், அவர்களில் இருவர் கூட வந்து உட்கார்ந்துதான் காட்டப்படுகிறது. நீங்களும் வந்து பாருங்கள், ஐயா. பார்த்துவிட்டுத் திட்டுங்கள்.

என் மகளுக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று என் மனைவி கேமராவில் சொல்லிவிட்டாள். கொடுப்பதும் குற்றம் என்கிறார்கள். எங்கள் மீது வழக்கு வருமா?
– ஒரு தகப்பன், குழித்துறை

1961-ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டப்படி கொடுப்பதும் வாங்குவதும் குற்றம்தான். ஐந்து ஆண்டுக்குக் குறையாத சிறை. 15,000 ரூபாய் அல்லது வரதட்சணையின் மதிப்பு, இவற்றில் எது அதிகமோ அதற்குக் குறையாத அபராதம். ஆனால் அதே சட்டத்தின் 7(3) பிரிவு, பாதிக்கப்பட்டவர் கொடுக்கும் வாக்குமூலத்தைக் கொண்டு அவர் மீதே இந்தச் சட்டத்தில் வழக்குத் தொடரக் கூடாது என்கிறது. பயந்து வாயை மூடிக்கொள்ள வேண்டாம் என்பதற்காகச் சேர்க்கப்பட்ட பாதுகாப்பு அது. இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. கொடுத்த வரதட்சணை மாமியாரிடமோ மாப்பிள்ளையிடமோ இருந்தாலும் அது பெண்ணின் சொத்து. கல்யாணத்துக்கு முன் வாங்கியிருந்தால் கல்யாணம் நடந்த மூன்று மாதத்துக்குள் அவளிடம் ஒப்படைக்க வேண்டும் என்று 6-ஆம் பிரிவு சொல்கிறது.

புகாராகக் கொடுப்பது வேறு, ஊருக்குக் காட்டும் படத்தில் பேசுவது வேறு. அதனால் படத்தில் மாப்பிள்ளை வீட்டின் பெயர், ஊர், தொகை எதையும் வைக்க நாங்கள் விடுவதில்லை. உங்கள் மனைவி சொன்ன தொகையும் படத்தில் இராது; குழுவிடம் சொல்லி அந்தப் பகுதியை முழுதாக அழிக்கச் சொல்லலாம், அது உங்கள் உரிமை. சட்ட ஆலோசனை வேண்டுமானால் நாகர்கோவிலில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணில் அழைக்கலாம்.

இதோடு சேர்த்து, படம் எடுக்கும் எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். பேட்டியின் நடுவில் ஒரு பெண் இப்போதும் அடிபடுவதாகச் சொன்னால் கேமராவை அங்கேயே நிறுத்திவிடுங்கள். அந்த நிமிடம் முதல் அவள் படத்தின் பாத்திரம் அல்ல. பெண்கள் உதவிக்கு 181, குழந்தைகளுக்கு 1098. பாலியல் கொடுமைக்கு ஆளான குழந்தையின் முகம், பெயர், பள்ளி, தெரு எதையும் எந்த ஊடகத்திலும் வெளியிடக் கூடாது என்று 2012-இன் போக்சோ சட்டம் சொல்கிறது. மங்கலாக்கிவிட்டோம் என்று சமாதானம் சொல்லாதீர்கள். ஊரில் குரலை வைத்தே அடையாளம் கண்டுவிடுவார்கள்.

படம் பார்த்துவிட்டு உண்மையிலேயே யாராவது மாறினார்களா? மறைக்காமல் சொல்லுங்கள்.
– வாசகி, திங்கள்நகர்

அந்த ஊரில் ஒரு வீட்டில், நிச்சயத்துக்கு முன் பேசி முடித்திருந்த தொகையை மாப்பிள்ளையின் தாயே வேண்டாம் என்று சொன்னார். இன்னொரு வீட்டில், படம் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனவர்களே அடுத்த வாரம் மாப்பிள்ளைக்குக் கார் வாங்கிக் கொடுத்தார்கள். அந்தத் தகப்பனிடம் கேட்டபோது, "நம் ஊர் மாறிவிட்டது சரி, மாப்பிள்ளையின் ஊர் மாறவில்லையே" என்றார்.

அவர் சொன்னதில் முழு நியாயம் இருக்கிறது. செனகல் நாட்டில் மலிகுண்டா பம்பாரா என்ற ஊரின் பெண்கள், பெண் குழந்தைகளின் பிறப்புறுப்பை அறுக்கும் வழக்கத்தைக் கைவிடுவதாக 1997 ஜூலையில் ஊரறிய அறிவித்தார்கள். பாராட்டும் வந்தது, கடுமையான எதிர்ப்பும் வந்தது. தெம்பா ஜவாரா என்ற இமாம் அப்போது ஒன்றைச் சுட்டிக்காட்டினார். ஓர் ஊர் மட்டும் விட்டால் அந்த ஊர்ப் பெண்ணை யாரும் கட்டிக்கொள்ள மாட்டார்கள். பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் ஊர்கள் எல்லாம் சேர்ந்து விட வேண்டும் என்றார். பிறகு அவரே உறவினர் ஊர்களுக்கு நடந்தே போய்ப் பேசினார். 1998-இல் பல ஊர்கள் ஒன்றாகக் கூடி அறிவித்தன. சீனாவில் பெண் குழந்தைகளின் பாதத்தைக் கட்டிக் குறுக்கும் வழக்கம் ஒழிந்ததிலும் இதே வழி உண்டு. அங்கே தோன்றிய சங்கங்களில் சேர்ந்த பெற்றோர் இரண்டு சத்தியம் செய்தார்கள். என் மகளின் பாதத்தைக் கட்ட மாட்டேன் என்பது ஒன்று. பாதம் கட்டப்பட்ட பெண்ணை என் மகனுக்கு எடுக்க மாட்டேன் என்பது இரண்டாவது. இரண்டாவது சத்தியம் இல்லாவிட்டால் முதலாவதைச் செய்ய யாருக்கும் துணிச்சல் வந்திருக்காது.

சீதனத்தில் நாம் இத்தனை காலமும் பெண்ணைப் பெற்றவர்களிடமே 'கொடுக்காதே' என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். அவர்களால் தனியாக என்ன செய்ய முடியும்? பையனைப் பெற்றவர்கள் படத்தில் பேச வேண்டும், படம் பார்க்க வர வேண்டும். இந்த ஆவணப்படத்தில் எனக்குப் பிடித்த பகுதியும் அதுதான். வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த ஓர் இளைஞன், தன் அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, "என் அக்காவின் கல்யாணக் கடனை அடைக்கத்தான் நான் இந்த வேலைக்கே போனேன். என்னால் இன்னொருத்தியின் தம்பி போக வேண்டாம்" என்கிறான். அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அவர் சம்மதித்துத்தான் அந்தக் காட்சி படத்தில் இருக்கிறது.

அந்தத் தகப்பன் சொன்னதைக் கேட்டபின் குழுப் பெண்கள் ஒரு பட்டியல் எழுதினார்கள். தங்கள் ஊருக்கு மருமகள்கள் எந்தெந்த ஊர்களிலிருந்து வந்தார்கள், மகள்கள் எங்கெங்கே போனார்கள் என்று. அருமனை, குலசேகரம், தேங்காப்பட்டணம் என்று தொடங்கி, களியக்காவிளையைத் தாண்டிப் பாறசாலை, நெய்யாற்றின்கரை வரை போயிற்று. இனிப் படம் போவது அந்தப் பட்டியலின்படிதான். ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் விடியும் முன் எழ வேண்டியவர்கள் என்பதால் மலையோர ஊர்களில் மாலையிலேயே தொடங்கிவிடுவோம். கடற்கரையில் ஞாயிற்றுக்கிழமை மட்டும். எல்லைக்கு அப்பால் காட்டுவதற்காக மலையாளக் குரல் சேர்க்கும் வேலை நடக்கிறது. திங்கள்நகரும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. உங்கள் தெருவில் இடம் இருந்தால் இந்தப் பத்திரிகைக்கு எழுதுங்கள். மகன்களைப் பெற்றவர்களிடம் முன்கூட்டியே சொல்லி, அவர்கள் வரச் சம்மதித்த பிறகு நாளைக் குறியுங்கள்.